மாடியில் இருக்கும் ஆறு பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

32 பிட் கணினிகளை (பழைய வகை சிப் உள்ளவை; பின்னால் வந்தவை 64 பிட்) லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைச் செய்கிறவர்கள் கைகழுவிவிட்டார்கள், இலவச மென்பொருளும் கடைசியில் ஏழையைத்தான் கைவிடுகிறது என்று ஞாயிறன்று ஒரு வாசகர் வருந்தியிருந்தார். போன மாதம் வரை நானும் இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தேன்.

வியாசர்பாடியில் என் வீட்டு மாடியில் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணினி சொல்லித்தருகிறேன். அலுவலகங்கள் கழித்துப்போட்ட பெட்டிகள் ஆறு இருக்கின்றன. (ஏழு இருந்தன. கீழே வைத்திருந்த ஒன்று மழைத்தண்ணீரில் போனது. அதற்கு லினக்ஸைக் குறைசொல்ல முடியாது.) ஆறிலும் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பு, 32 பிட்டில், போட்டிருந்தேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட்டுக்கு நிறுவித்தரும் இன்ஸ்டாலரும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை. இணையம் பார்க்க உதவும் ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திவிட்டது.

எதிர்வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பெண்ணிடம் புலம்பினேன். "டெர்மினல்ல எல்எஸ்சிபியுன்னு அடிங்க தாத்தா" என்றாள். சிப்பின் விவரத்தைக் காட்டும் கட்டளை அது. நான்கு பெட்டிகளில் '32 பிட், 64 பிட்' என்று இரண்டும் வந்தது; அதாவது அந்தச் சிப்பில் 64 பிட்டும் ஓடும். எல்லாம் கோர் 2 டுவோ சிப். ரேம் (நினைவகம்) 2 ஜிபிதானே, 32 பிட்டே போதும் என்று அன்றைக்கு 32 பிட்டைப் போட்டவன் நான்தான். இப்போது நான்கிலும் 64 பிட் டெபியன் 13 ஓடுகிறது. வேகம் சுமார், பிள்ளைகளுக்கு அது போதும்.

ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். 2018-ல் பழைய மாடல் ரயில்பெட்டி செய்வதை நிறுத்தி முழுக்க எல்.எச்.பி. என்ற புது மாடலுக்கு மாறினார்கள். ஒரு மாடலை வைத்திருப்பது என்றால் அதற்கு ஸ்பேர் வேண்டும், பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக் வேண்டும், கை பழகிய ஆள் வேண்டும். மென்பொருளிலும் இதே கதைதான். லினக்ஸ் 1991-ல் பிறந்ததே இன்டெல்லின் 386 சிப்பில். அந்தச் சிப்புக்கான ஆதரவையே 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து எடுத்தார்கள். பின்னால் வந்த சிப்புகளில் இருக்கும் சில கட்டளைகள் அதில் கிடையாது. அதற்காக ஒரே வேலையை இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஆளே இல்லாத இயந்திரத்தை, சம்பளமில்லாமல் உழைக்கிறவர் தலையில் எத்தனை காலம் கட்டுவது?

என் குறை வேறு. 32 பிட்காரர்கள் டெபியன் 13-க்கு மாற வேண்டாம், முடிந்தால் 64 பிட்டாகப் புதிதாக நிறுவுங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நீளமான பக்கத்தில், நான் படித்தது ஆங்கிலத்தில். அதைத் தமிழில் நான்கு வரியாக உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் போட்டிருந்தால் என்னைப் போன்றவர்கள் நல்ல பெட்டியைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாமல் இருப்போம். இனியாவது போடுங்கள்.

மிச்சம் இரண்டும் பெண்டியம் 4, 32 பிட் மட்டும். அவற்றில் நெட்பிஎஸ்டி என்ற வேறொரு இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கிறாள் அந்தப் பெண். ஒன்று கிளம்பிவிட்டது. மற்றதில் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கிறது; சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்பெட்டித் தொழிலாளி,
வியாசர்பாடி, சென்னை - 39