பெரிய தீவில் மனை பார்க்க வருபவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹவாயின் பெரிய தீவில் மனை தேடி எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பூனா பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு மலிவு?" (பூனா என்பது இந்தத் தீவின் தென்கிழக்கு மாவட்டம்.) போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதிலை இப்போது எழுதியே அனுப்புகிறோம். இன்னொரு செய்தியும் உண்டு. முதல் தடவை வந்து பார்த்த அன்றே முன்பணம் கட்டும் வழக்கத்தை இனி நிறுத்திவிட்டோம். ஏன் என்பது படித்து முடிக்கும்போது புரியும்.

முதல் காரணம் எரிமலைக் குழம்பு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் இந்தத் தீவை 1 முதல் 9 வரை குழம்பு அபாய மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. 1 என்றால் ஆபத்து மிக அதிகம். வடக்கே கோஹாலா 9-இல் இருக்கிறது. கிலவேயா எரிமலையின் கிழக்குப் பிளவை ஒட்டிய பூனா மனைகள் பல 1-லும் 2-லும் விழுகின்றன. 2018 மே 3 அன்று லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்புக்குள்ளேயே தரை பிளந்து குழம்பு வெளியே வந்தது. அது ஓய்வதற்குள் 700-க்கும் மேற்பட்ட வீடுகள் போய்விட்டன. கபோஹோ விரிகுடா குழம்பால் முழுக்கத் தூர்ந்தது. வருகிறவர்களை நாங்கள் முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறோம். நல்ல தார்ச்சாலை ஒன்று நேராகப் போய், இரண்டு ஆள் உயரக் கரும்பாறைக்கு அடியில் மறைந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு மனையைப் பாருங்கள். 1, 2 மண்டலங்களில் வீட்டுக் காப்பீடு கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் செலவு கூடும். வங்கிக் கடனுக்கும் அதே கதைதான்.

அடுத்தது தண்ணீர். எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், ஆனால் கேட்பவர்கள் குறைவு. பூனாவின் பெரும்பகுதியில் குழாய்த் தண்ணீர் கிடையாது. கூரையில் விழும் மழைதான் தொட்டிக்குப் போகிறது. பக்கத்து நகரமான ஹிலோவில் வருடத்துக்குச் சுமார் 3,200 மி.மீ. பெய்கிறது, அதனால் அளவுக்குப் பஞ்சம் பெரும்பாலும் வராது. தரம்தான் பிரச்சினை. வீடு பார்க்கும்போது தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மேல்வலை கிழிந்திருக்கிறதா, தண்ணீரில் இலையும் பல்லியும் மிதக்கின்றனவா, வடிகட்டியை எப்போது மாற்றினார்கள், புற ஊதா விளக்கு எரிகிறதா என்று நீங்களே பாருங்கள். பழைய கூரையென்றால் ஈயத்துக்கும் சேர்த்துச் சோதிக்கக் கொடுங்கள். இங்கே நத்தை, ஓடில்லா நத்தை மூலம் மூளையைத் தாக்கும் ஒரு புழு நோயும் உண்டு. ஆகவே தோட்டத்துக் கீரையை ஒவ்வொரு இலையாகக் கழுவாமல் பச்சையாகத் தின்ன வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் பலர் குடிக்க மட்டும் கவுண்டியின் (உள்ளூர் நிர்வாகத்தின்) பொதுக் குழாயில் போய்ப் பிடித்து வருகிறார்கள்.

சரி, இரவுக்கு வருவோம். போன வருடம் ஒரு தம்பதி பகல் பதினொரு மணி வெயிலில் வீட்டைப் பார்த்து, அன்றே கையெழுத்துப் போட்டார்கள். குடிவந்த முதல் இரவு எங்களுக்குப் போன் வந்தது. பின்னால் கேட்ட சத்தத்தில் அவர்கள் பேசியதே காதில் விழவில்லை. அது கோகி தவளை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து இங்கே பெருகிவிட்டது. ஒரு நாணயம் அளவே இருக்கும், பக்கத்தில் நின்றால் 90 டெசிபல் வரை கத்தும். அவர்களை ஓர் இரவு அங்கே தங்க வைக்காதது எங்கள் தவறு, அது இன்றும் உறுத்துகிறது. முன்பணத்தை நிறுத்தியதற்கு அதுவே காரணம். இனி மனைக்குப் பக்கத்தில் ஓர் இரவாவது தங்கிய பிறகுதான் பேச்சு. முடிந்தால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மழை மாதங்களில் வாருங்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மனை முழு உரிமையா, குத்தகையா என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடத்துக்குக் கவுண்டி அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லாத வீடுகள் நிறைய உண்டு. கழிவுநீர் வெறும் குழிக்குள் போகிறது என்றால், 2017-இல் வந்த மாநிலச் சட்டப்படி 2050-க்குள் அதை மாற்றியாக வேண்டும், செலவு உங்களுடையது. பல குடியிருப்புகளில் சாலை தனியாருடையது, பராமரிப்புப் பணத்தை மனைக்காரர்கள்தான் கட்ட வேண்டும். வாங்கிவிட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், 2019 முதல் கவுண்டி அதை எந்தெந்த இடங்களில் அனுமதிக்கிறது என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களும் வாங்கலாம், ஆனால் வீடு வாங்கினால் விசா கிடைக்காது. விற்கும்போது விலையில் பொதுவாக 15 சதவீதத்தை மத்திய வரிக்காகவும், 7.25 சதவீதத்தை மாநில வரிக்காகவும் பிடித்து வைப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். பணத்தை எங்கள் கணக்குக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள், விற்பனை முடியும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ நிறுவனம் வழியாக மட்டுமே போகட்டும்.

அப்புறம், பயணத்துக்கு. பூனா பார்க்க ஹிலோ விமான நிலையத்தில் இறங்குங்கள், மேற்குக் கரையில் உள்ள கோனாவில் இறங்கினால் தீவையே கடந்து வர வேண்டும். நாய், பூனை கொண்டு வருவதென்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே வெறிநோய்ப் பரிசோதனையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் 120 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

வரும் தேதி முடிவானதும் எழுதுங்கள். நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு மனையின் மண்டல எண்ணையும், தண்ணீர் எப்படி வருகிறது என்பதையும் கிளம்புவதற்கு முன்பே அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மனை ஆலோசகர்கள்