பதினாலு நாள் குளிசை

யாழ்ப்பாணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பதில் பிந்திவிட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியனுக்கு மலேரியா. பயப்படாதே, சென்னைக்குப் போய் வந்த இடத்தில் தொற்றியது. இலங்கைக்குள்ளேயே தொற்றும் மலேரியா 2012ஓடு நின்று, 2016இல் உலக சுகாதார நிறுவனமும் சான்று தந்துவிட்டது. ஆனால் நுளம்பு இன்னும் இருக்கிறதே.

வந்தது வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. மூன்று நாள் குளோரோகுயின் குளிசையில் காய்ச்சல் விட்டது. கூடவே பிரைமாகுயின், பதினாலு நாள். ஐந்தாம் நாள் தாய் வந்து, "அண்ணை, வயித்தைப் பிரட்டுதாம், குளிசை வேண்டாம் எண்டு நிக்கிறான். காய்ச்சல்தான் இல்லையே, விட்டால் என்ன?" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. 1995 இடப்பெயர்வில் வன்னியில் நீ நடுங்கிக் கிடந்து எழும்பியபோது, இதையேதான் நான் உனக்குச் சொன்னேன். மிச்சக் குளிசையைக் கூரைக் கிடுகுக்குள் செருகினாய். இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே நடுக்கம். புதிதாக நுளம்பு கடித்தது என்று நினைத்தோம். வைவாக்ஸ் கிருமி ஈரலுக்குள் உறங்கிக் கிடக்கும், குளோரோகுயின் அதைத் தொடாது, பிரைமாகுயின்தான் கொல்லும் என்பதெல்லாம் பிறகு மருந்தாளராகப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அது மனதை அரிக்கிறது.

பெடியன் விடியவில் வெறும் வயிற்றில் பிளேன்ரீயோடு விழுங்கியிருக்கிறான். மத்தியானம் சோறு தின்றபிறகு எடுக்கச் சொன்னேன். பிரட்டல் குறைந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்தால் மட்டும் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றும் சொன்னேன். ஜீ6பீடி நொதி குறைந்தவர்களுக்கு இந்த மருந்து செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். அவனுக்கு அதைப் பரிசோதித்துத்தான் தொடங்கினார்கள், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்தை இடையில் விடுபவர்களைச் சோம்பேறி என்று ஏசுவது எனக்குப் பிடிக்காது, மச்சான். சுகமாகிவிட்ட ஒருவனிடம், வயிற்றைப் பிரட்டும் குளிசையை இன்னும் பத்து நாள் விழுங்கு என்கிறோம். ஏன் என்று சொல்லாவிட்டால் அவன் எதை நம்பி விழுங்குவான்?

நேற்றோடு அவனுக்குப் பதினாலு நாளும் முடிந்தது. இனி இரத்தம் பார்க்கப் போக வேண்டும். நானும் கூடப் போகிறேன்.

பிரசர் குளிசை வறட்டு இருமல் தருகிறது, விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். சில குளிசைக்கு அந்தக் குணம் உண்டு. டொக்டரிடம் இருமலைச் சொல்லு, வேறு ஒன்று மாற்றித் தருவார். என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்