வெட்டுக் காசும் மாதத் தவணையும்: கிரிப் அறிக்கையில் சிக்கும் விவசாயிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவன். எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு, யார் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கிற கிரிப்பில்தான் (CRIB) வந்து நிற்கிறது. "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது, இனி எந்த வங்கியும் தராது" என்று மனம் விட்டுப்போய், இருக்கிற நகையை அடகு வைத்துவிட்டு மீதிக்கு வட்டிக்காரரைத் தேடிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் யாருடைய ஒரு சதத்தையும் ஏமாற்றாதவர்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கைக்குக் காசு வருவது வருடத்தில் இரண்டு தடவை. பெரும்போகம் விதைத்தால் தை கடைசியிலிருந்து பங்குனி வரை வெட்டு, அதாவது அறுவடை. சிறுபோகத்துக்கு உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ தண்ணீர் கிடைக்கிற வயல் வட்டைகளில் ஆவணி வாக்கில் இன்னொரு வெட்டு. தண்ணீர் எட்டாத வட்டைக்காரருக்கு அதுவும் இல்லை. இடைப்பட்ட மாதங்களில் உழவு, விதைநெல், உரம், மருந்து, கூலி என்று காசு போகுமே தவிர வராது. ஆனால் உழவு இயந்திரத்துக்கு லீசிங் எடுத்தால் ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில் ஒரே தொகையைக் கட்ட வேண்டும்.

என்னுடைய தவணை மாதம் 46,000 ரூபா. நெல் விற்றதும், பின்தங்கிய தவணைகளைத் தாமதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். எந்தப் போகத்திலும் கட்டாமல் விட்டதில்லை. கம்பனியின் கிளை அதிகாரிக்கும் இது பழகிப்போன விஷயம். "பரவாயில்லை ஐயா, வெட்டோட கட்டுங்க" என்பார். ஆனால் மாதாமாதம் கொழும்பிலுள்ள கிரிப்புக்குப் போகும் தரவில் அந்தப் பேச்சு ஏறுவதில்லை. இத்தனை நாள் நிலுவை என்பது மட்டும்தான் போகிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் முளைத்து நின்ற பயிர் அழிந்து, மறுபடி விதைத்து, வெட்டு பிந்தியபோது நிலுவையும் நீண்டது. அதையும் கட்டி முடித்தேன். பிறகு மகளின் வீட்டு வேலைக்கென்று ஒரு வங்கியில் கடன் கேட்டபோது கிடைத்த பதில் ஒரு வரிதான்: "கிரிப் சரியில்லை."

என்ன சரியில்லை என்று அங்கே யாரும் விளக்கவில்லை. ஆகவே என் அறிக்கையை நானே எடுத்துப் பார்த்தேன். எவரும் இதைச் செய்யலாம். இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் என்பதைத்தான் நாம் கிரிப் என்கிறோம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது அது. தேசிய அடையாள அட்டையோடு ஒரு கட்டணம் செலுத்தி அவரவர் தன் அறிக்கையைப் பெறலாம். இணையத்திலும் கேட்கலாம். அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகும், பிந்திக் கட்டியதும் பதிவாகும். அதைப் பார்த்துக் கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி. கிரிப் யாருக்கும் கடனை மறுப்பதில்லை. இது தெரியாமல்தான் எங்கள் ஆட்கள் பயந்து ஒதுங்குகிறார்கள்.

என் அறிக்கையில் நிலுவை மாதங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அது உள்ளதுதான். ஆனால் வேறொரு நிறுவனத்தில் எப்போதோ கட்டி முடித்த ஒரு கடனும் இன்னும் மீதி இருப்பதாகக் கிடந்தது. கடன் தீர்ந்தபோது அவர்கள் தந்த கடிதத்தை என் மனைவி காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். அந்தக் கடிதத்தின் பிரதியை வைத்துப் பணியகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பணியகம் தானாக ஒரு எண்ணையும் மாற்றாது. தகவல் கொடுத்த நிறுவனத்திடம் அனுப்பும், அந்த நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். கொஞ்சம் இழுபட்டாலும் கடைசியில் திருந்தியது. கடன் முடிந்த கடிதத்தை வாங்காமல் எந்தக் கிளையையும் விட்டு வெளியே வராதீர்கள். "கிரிப்பில் பெயரை அழித்துத் தருகிறோம்" என்று முகநூலில் காசு கேட்கிறவர்களை நம்பவும் வேண்டாம். உண்மையான நிலுவையை எவராலும் அழிக்க முடியாது. பிழையான பதிவைத் திருத்த இடைத்தரகர் தேவையில்லை.

பிணை நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர்களை, குறிப்பாக ஆசிரியர்களை, உறவினரும் அயலவரும் பிணைக் கையெழுத்துக்குத் தேடி வருகிறார்கள். மாட்டேன் என்று சொல்வது நம்மூரில் இலேசான காரியம் இல்லை. அப்படிக் கையெழுத்துப் போட்ட கடன்களும் பிணையாளியின் அறிக்கையில் இருக்கும். கடன்காரர் பிந்தத் தொடங்கிய மாதமே பிணையாளிக்கும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதில் நிறுவனங்களுக்கு என்ன கஷ்டம்? விஷயம் முற்றி, சட்டத்தரணியின் கடிதம் வந்த பிறகுதான் பல பேருக்குத் தெரிய வருகிறது.

கெட்டுப்போன பதிவு மெல்ல மெல்லத்தான் சீராகும். முதலில் பழைய நிலுவையைத் தீர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதமும் நாள் தவறாமல் கட்டக் கட்ட, பழையது பின்னுக்குப் போகும். ஓரிடத்தில் மறுத்தார்கள் என்று உடனே வேறு நாலு இடத்தில் விண்ணப்பிக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் நம் அறிக்கையைக் கேட்டுப் பார்ப்பதுகூட அதில் பதிவாகிறது. கடனை அடைக்கக் கடன் எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் குழுக்கடனில் அகப்பட்ட எங்கள் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நான் இப்போது நெல் விற்ற கையோடு அடுத்த வெட்டு வரைக்கும் வேண்டிய தவணைக் காசைத் தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் அதிலிருந்து தானாகவே கட்டும்படி வங்கிக்கு ஸ்டாண்டிங் ஓடர் கொடுத்துவிடுகிறேன். எனக்கு அது முடிகிறது. குத்தகைக் காணியில் மூன்று ஏக்கர் செய்கிறவருக்கு எப்படி முடியும்? வெட்டு மெஷின் வயலை விட்டுப் போகுமுன்பே உரக்கடைக்காரர் வந்து நிற்பார். நெல் சந்தைப்படுத்தல் சபை கொள்வனவைத் தொடங்கும்வரை காத்திருக்க முடியாமல், மில்காரர் சொன்ன விலைக்கு ஈர நெல்லை அள்ளிக் கொடுக்கிறார். அவரிடம் போய்ச் சேமித்து வைத்து மாதாமாதம் கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தவணையைப் போகத்தோடு பொருத்துவதுதான் இதற்கு வழி. பயிர்ச்செய்கைக் கடனை வெட்டுக்குப் பிறகு கட்டலாம் என்று வங்கிகள் ஏற்கனவே வைத்திருக்கின்றன. உழவு இயந்திர லீசிங்குக்கும் அப்படி ஒரு தவணை அட்டவணையை ஒப்பந்தத்திலேயே எழுதினால், வெட்டோடு கட்டுகிறவர் நாள் பிசகாமல் கட்டுகிறவராகவே பதிவாவார். கம்பனிக்கும் காசு வரும். இப்போதும் அந்தக் காசு அப்படித்தானே போய்ச் சேருகிறது?

புதிதாக லீசிங் எடுக்கப் போகிற தம்பிமாருக்கு ஒன்று. அதிகாரியின் வாய்ப்பேச்சை வைத்துக் கையெழுத்துப் போடாமல், போகத் தவணை தருவீர்களா என்று முதலே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். வெள்ளம் வந்து பயிர் போனால் தவணை பிந்துமுன்பே கிளைக்குப் போய், தவணைகளை மாற்றி எழுதித் தரும் மறுசீரமைப்புக்கு விண்ணப்பியுங்கள். அதுவும் அறிக்கையில் தெரியும்தான், ஆனாலும் மாதக்கணக்கான நிலுவையாகக் கிடப்பதைவிட மேல். நியாயமான பதில் வராவிட்டால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935 இல் அழைக்கலாம்.

எங்கள் மாவட்டத்தில் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, தண்ணீர், உரம், காப்புறுதி எல்லாம் பேசி முடிவெடுக்கிறார்கள். இனி வரும் கூட்டத்துக்கு மட்டக்களப்பிலுள்ள லீசிங் கம்பனிகளின் முகாமையாளர்களையும் அழைத்து, போகத் தவணைக்கு யார் யார் சம்மதம் என்று விவசாயிகள் முன்னிலையிலேயே கேட்டு, அதைக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும் என்று மாவட்டச் செயலகத்தை உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.