படிக்க வைத்தது அடுப்படிக்கா என்று கேட்டிருந்தீர்களே, அம்மா

வினிபெக்
ஜனவரி கடைசி

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் நாலு பேரும் நல்ல சுகம். உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை கைக்கு வந்தது. அண்ணன் மகளின் கையெழுத்து எவ்வளவு அழகாகிவிட்டது! நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதியிருக்கிறாள் என்பது நடுவில் நீங்கள் இருமியதைக்கூட "அப்பாயி இருமுறாங்க" என்று எழுதி வைத்திருந்ததில் தெரிந்தது. அதை மூன்று தடவை வாசித்தேன். இருமலுக்கு மருந்து எடுத்தீர்களா?

எட்டு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. போனில் பேசுகிறோம்தான், ஆனால் அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு ரோட்டு மேட்டில் நின்றால்தான் சிக்னல், அதிலும் பாதி "கேக்குதா, கேக்குதா"விலேயே போய்விடுகிறது. கடிதத்துக்குக் காத்திருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாததா? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரியம்மா குடும்பம் இந்தியாவில் கூடலூருக்குப் போனபிறகு எத்தனை வருஷம் தோட்டத்துத் தபால்காரரின் பையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெரியம்மா கடிதம் வந்தால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து நான்தான் வாசித்துக் காட்டுவேன். அப்படி வாசித்துக் காட்டிய நானே உங்களைக் காக்க வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "ஏஎல் வரைக்கும் படிக்க வச்சு, டீச்சர் வேலையும் கெடச்சு, கனடாவுக்கும் போயி, கடைசியில அடுப்படியிலதான் ஒக்காந்திருக்கியா" என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை அம்மா. அன்று முழுக்க உங்கள் கைதான் கண்ணில் நின்றது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த அந்த விரல்கள், எத்தனை தேங்காயெண்ணெய் தடவினாலும் மூடாத வெடிப்பு. பதினெட்டுக் கிலோ கொழுந்து நிறுத்தால்தான் முழுப் பேர், முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர் என்று, மழையில் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு நீங்கள் மலையேறியது நான் மலைக்கும் போகக் கூடாது, புகையடுப்பிலும் வேகக் கூடாது என்றுதானே. நீங்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான்.

ஹோட்டல் வேலை டிசம்பரோடு நின்றது. நானே நின்றுகொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் அங்கே ஆட்கள் வருவது குறைவு. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை, நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். மாடி வீட்டை விட்டு இந்தக் கீழ்வீட்டுக்கு வந்ததும் நல்லதற்குத்தான். பாதி வீடு நிலத்துக்குள் இருப்பதால் சூடு வெளியே போகாது. ஜன்னல் தலைக்கு மேலே இருக்கிறது, அதில் பனியும் போகிற வருகிற ஆட்களின் சப்பாத்தும் தெரியும். சின்னவள் சப்பாத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவாள்.

குளிரைப் பற்றி என்ன எழுத? இந்த வாரம் மைனஸ் 34. நுவரெலியாப் பனியில் தேயிலை கருகுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், குளிர் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே காரைக்கூட ராத்திரியில் கரண்ட் வயரில் மாட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் அசையாது. மூச்சு விட்டால் இமையில் வெள்ளையாகப் படிகிறது. பெரியவன் ஈரத் தலையோடு ஸ்கூலுக்கு ஓடினான், சாயங்காலம் வந்து "அம்மா, முடி குச்சி மாதிரி நின்னுச்சு" என்று ஒரே சிரிப்பு.

அப்புறம், இதை இப்போதுதான் சொல்லத் துணிவு வருகிறது. வந்து இரண்டு வருஷம் நான் வீட்டை வீடாகவே நினைக்கவில்லை. ஹோட்டலில் ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. அந்நியர்களுக்குப் பதினான்கு அறைக் கட்டில் விரித்துவிட்டு வந்தவளுக்குச் சொந்தக் கட்டிலை விரிக்கக் கை வராது. வாசலில் ரோட்டு உப்பும் மணலும் ஒட்டிய சப்பாத்துகள், சிங்க் நிறையப் பாத்திரம், சாப்பாட்டுக்கு ஐஸ் பெட்டியிலிருந்து எதையாவது எடுத்துச் சூடாக்குவது. உங்கள் மருமகன் பாக்டரியில் ராத்திரி வேலை முடித்து விடியற்காலையில் வருவார். நான் முகம் பார்க்காமல் தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பேன். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. சர்ச்சில் பாடுவேன், வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாட்டு என்னை விட்டுப் போய்விடும்.

வேலை நின்ற அடுத்த வாரம் ஒரு விடியற்காலை தூக்கம் வரவில்லை. நான் புறப்படும்போது நீங்கள் கொடுத்த வேதாகமத்தைத் திறந்தேன், யோவான் 21 வந்தது. நீங்களும் ஒரு தடவை அதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் அம்மா. சீஷர்கள் ராத்திரி முழுக்கக் கடலில் பாடுபட்டு ஒன்றும் அகப்படாமல் விடியும்போது கரைப் பக்கம் வருகிறார்கள். உயிர்த்தெழுந்த கர்த்தர் கரையில் கரி நெருப்புப் போட்டு, மீன் வைத்து, அப்பமும் வைத்துக்கொண்டு, வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுகிறார். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அவர் அடுப்பு மூட்டினார் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. மரணத்தை ஜெயித்து வந்தவர், களைத்து வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்துகொண்டு காத்திருக்கிறார். என் வீட்டிலும் ஒருவர் ராத்திரி முழுக்கப் பாடுபட்டு விடியும்போது வருகிறாரே என்று நினைத்தேன். அப்படியே எழுந்து மாவை எடுத்தேன்.

தேங்காய்ப்பூ இங்கே ஐஸாக உறைந்த பொட்டலமாகக் கிடைக்கும், அது இளகும்வரை வெங்காயம் நறுக்கினேன். மாவில் உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு, நீங்கள் செய்வதுபோல் கையிலேயே தட்டினேன். முதல் ரொட்டி ஓரம் தடித்து நடு கருகிவிட்டது. இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவது சட்டியில் விழுந்ததும் ஒரு வாசம் வந்தது பாருங்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு முன்னால் நம் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில், தேயிலை மிலாறு விறகு எரிகிற புகையோடு வருமே, அதே வாசம், புகை மட்டும்தான் இல்லை. காய்ந்த மிளகாயை இடித்துக் கட்டச் சம்பல் போட்டேன், மாசிக் கருவாடு இல்லை, எலுமிச்சம்பழம் இருந்தது. அவர் வந்து ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தார். நாலு ரொட்டி, ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அத்தை சுடுற மாதிரியே இருக்கு" என்றார். எனக்கு அது போதும். அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்கு எழுகிறேன்.

நீங்கள் மலைக்கு நாற்பது வருஷம் ஏறினீர்கள். உங்களுக்கு வீட்டு வேலை என்பது இருட்டில் ஒரு மணி நேரம், மலையிலிருந்து வந்து இடுப்பு ஒடிய இன்னும் இரண்டு மணி நேரம். ஆனாலும் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஏழு பேர் இருந்த அந்த வீட்டில் நான் ஒருநாளும் பயந்து தூங்கியதில்லை. சனிக்கிழமை சாணி மெழுகி, மண்ணெண்ணெய் விளக்கின் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, எங்களைச் சுற்றி உட்கார வைத்து ஜெபம் பண்ணுவீர்களே, அந்த வேளையில் வெளியே மழை என்ன போடு போட்டாலும் வீட்டுக்குள் ஒரு அமைதி இருக்கும். அதைச் செய்தது உங்கள் கை என்று எனக்குச் சின்ன வயதில் தெரியவில்லை. உங்களுக்குக் கிடைக்காத நேரம் இப்போது எனக்குக் கிடைத்திருக்கிறது அம்மா. அதை நான் வீணாக்கவில்லை. மேசையைத் துடைக்கும்போதும் பிள்ளைகளின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதும் வாய் தானாகவே ஜெபிக்கிறது. ஒவ்வொரு பொத்தானுக்கும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, ராத்திரியில் இரண்டு பிள்ளைகளுக்கும் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். சின்னவள் 'ழ' எழுதிவிட்டாள்.

இன்னொன்று. இங்கே சாயங்காலம் ஐந்து மணி என்றால் உங்களுக்கு விடியற்காலை நாலரை. நீங்கள் அடுப்புப் பற்றவைக்கிற நேரம். நானும் அப்போதுதான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உலை வைக்கிறேன்.

பக்கத்து வீட்டு உக்ரைன் கிழவியைப் பற்றிப் போனில் சொன்னேன் இல்லையா, அவரைப் பிள்ளைகள் பாபா என்று கூப்பிடுகிறார்கள், அவர்கள் மொழியில் நம் அம்மாயி மாதிரி. எண்பது தாண்டிவிட்டது. மைனஸ் இருபதிலும் துவைத்த துணியை வெளியே கொடியில் போடுகிறார்! முதலில் நான் என்னவோ ஏதோ என்று பயந்தேன். பிறகு என்னையும் போடச் சொன்னார். போட்ட பத்து நிமிடத்தில் பெட்ஷீட் பலகை மாதிரி ஆகிவிடுகிறது, அவருடைய சட்டை கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. சாயங்காலம் உள்ளே எடுத்து வந்து இளக விட்டால் பாதி ஈரம் பனியிலேயே போயிருக்கும், துணியில் ஒரு சுத்தமான வாசம் வரும், எந்த சோப்பிலும் அது வராது. நானும் அவரும் விறைத்த பெட்ஷீட்டை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படி இறங்கினோம், இறங்குவதற்குள் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி கண்டுவிட்டது. எத்தனை நாளாயிற்று அப்படிச் சிரித்து.

அவர் வீட்டுத் தேயிலைப் பெட்டியில் ஆரஞ்சு பெக்கோ என்று போட்டிருந்தது. ஆரஞ்சு வாசமே வரவில்லையே என்று இத்தனை வருஷம் அவருக்கு ஒரு குறை. அது இலையைச் சலித்துப் பிரிக்கிற தரத்தின் பெயர், பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். என் அம்மா பறித்த கொழுந்து இது என்று நீங்கள் கொழுந்து எடுக்கிற போட்டோவையும் காட்டினேன். அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். அவருடைய அப்பா இந்தச் சமவெளியில் கோதுமை விதைத்தவராம். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, நாம் லயத்தில் தின்ற மா அத்தனையும் இப்படி எங்கோ விளைந்து கப்பலில் வந்ததுதான். உங்கள் தேயிலை அவர் வீட்டிலும் இவர்கள் கோதுமை நம் வீட்டிலும் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஜனவரி 6 ராத்திரி அவர்களுக்குப் பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. எங்களையும் கூப்பிட்டார். இறைச்சி இல்லாத பன்னிரண்டு வகைச் சாப்பாடு, முதலில் கோதுமையை அவித்துத் தேனும் கசகசாவும் கலந்தது. மேசையில் ஆறு தட்டு இருந்தது, ஆட்கள் ஐந்து பேர்தான். யாராவது வரவேண்டியிருக்கிறதா என்று கேட்டேன். அது வீட்டில் இறந்துபோனவர்களுக்கு என்றார்.

அம்மா, அதற்குப் பிறகு என்னால் ஒரு கவளம்கூட இறக்க முடியவில்லை. அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவை மண்ணில் வைத்த அன்று நான் இங்கே பஸ் ஸ்டாப்பில் நின்றேன், தெரியுமா? அண்ணன் போனில் காட்டினான், பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது, படம் அப்படியே நின்றுவிட்டது, குடைகளும் சிவப்பு மண்ணும். பஸ் வந்தது, ஏறி வேலைக்குப் போனேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. பாபா என் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது அம்மா. எங்கே பார்த்தாலும் வானம். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கியிருக்குமே, மேட்டு லயத்திலிருந்து பார்த்தால் ராத்திரியில் அந்த விளக்கு வரிசை தெரியுமே, அதை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருக்கிறது. அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு எண்ணச் சொல்வார்.

சரி. வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு தெரிகிறது என்று அண்ணன் சொன்னான். கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்தார்களா? மழை கனமாகப் பெய்தால் ராத்திரியில் அங்கே படுக்கவே வேண்டாம், சர்ச் ஹாலுக்குப் போய்விடுங்கள். 2014ல் கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. சாமான் போனால் போகட்டும்.

ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் நல்லது, ஆனால் காணி உறுதிப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வாசித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்க வேண்டாம், அண்ணன் மகளை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ஈபிஎஃப் சேமலாப நிதிக் காசு வந்ததும் அதைத் தம்பி கல்யாணத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் உங்கள் கண் ஆப்பரேஷன். தம்பிக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். பெண் வீட்டார் நல்ல மனிதர்கள் என்று மாமி எழுதியிருந்தார்கள், சபை எது என்பதற்காக இழுக்க வேண்டாம், பிள்ளை ஜெபிக்கிற பிள்ளையா என்று மட்டும் பாருங்கள்.

இந்த மாதமும் அடுத்த மாதமும் கொஞ்சம் குறைவாக வரும். பேங்க் விஷயம் கொஞ்சம் இழுக்கிறது, வேறொன்றுமில்லை. கடையில் பாக்கி இருந்தால் மாமாவிடம் ஏப்ரல் வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள், நான் தனியாக அவருக்கு எழுதுகிறேன்.

புது வீட்டுக்கு மாறும்போது அந்தப் பழைய ரொட்டிக் கல்லைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். காது உடைந்திருந்தாலும் பரவாயில்லை. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருங்கள், நான் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகள் முத்தம் தருகிறார்கள். இருமல் மருந்தை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்