காட்ஸில்லாவைப் பார்த்துச் சிரித்த மருமகனுக்கு

அன்புள்ள கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை 1954ஆம் ஆண்டின் காட்ஸில்லா என்ற ஜப்பானியப் படத்தை உனக்குப் போட்டுக் காட்டினேன். அந்த ராட்சத விலங்கு மலைக்குப் பின்னாலிருந்து தலை நீட்டியதும், "ரப்பர் உடைக்குள் ஓர் ஆள், இதற்கா இவ்வளவு பேச்சு மாமா?" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாய். அன்றைக்கு எனக்குப் பேச்சு எழவில்லை.

படத்தின் தொடக்கத்தில் கடலில் ஒரு வெளிச்சம் வெடித்து, கப்பல் தீப்பிடித்து மூழ்குகிறதே, நினைவிருக்கிறதா? அதே ஆண்டு மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஒரு ஜப்பானியப் படகில் இருந்த 23 பேர் மீதும் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. அவர்களில் ஒருவரான குபோயாமா செப்டம்பரில் இறந்தார். படம் வெளியானது நவம்பர் 3. அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு அந்தக் கப்பல் எதை நினைவூட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா படைவீரராகச் சீனாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பும்போது ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர். போருக்குப் பிறகு ஜப்பான் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில் அணுகுண்டைப் பற்றி எழுதவே தணிக்கை இருந்தது. அடக்கி வைத்த அழுகைக்கு இந்த விலங்கின் வழியாகத்தான் வாய் கிடைத்தது என்று நான் நம்புகிறேன். அதன் தோலைக் கவனித்தாயா? குண்டுவீச்சில் தப்பியவர்களின் உடலில் இருந்த தீத்தழும்புகளைப் போலவே அதை வடித்தார்கள். உள்ளே இருந்தவர் ஹருவோ நகாஜிமா. ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள உடையைச் சுமந்து, விளக்குகளின் வெக்கையில் நடந்தார். அந்தக் கர்ஜனைகூட இசைக்கருவியிலிருந்து பிறந்ததுதான்: பிசின் தடவிய தோல் கையுறையால் கான்ட்ராபாஸ் என்ற பெரிய வாத்தியத்தின் தந்திகளை உரசி எடுத்தார்கள்.

நீ பார்க்காமல் விட்ட காட்சிகள்தான் என்னை உறங்கவிடாதவை. டோக்கியோ எரியும்போது ஒரு தாய் பிள்ளைகளை அணைத்தபடி, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். மறுநாள் மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கமானியைக் கொண்டுபோகிறார்கள். கருவி படபடக்கிறது. அதைப் பிடித்திருக்கும் விஞ்ஞானி தலையசைக்கிறார், அவ்வளவுதான்.

1956இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது, ரேமண்ட் பர் என்ற நடிகரைச் சேர்த்து, மூலப்படத்தில் பலவற்றை வெட்டிவிட்டார்கள். நீ ஜப்பானிய மூலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு வா. மொத்தமே 96 நிமிடம். அந்த மருத்துவமனைக் காட்சி வரையாவது உட்கார்ந்திரு. அதன் பிறகும் எழுந்து போக நினைத்தால் தடுக்க மாட்டேன்.

அன்புடன்,
மாமா