காத்து அடிக்கிற நாள்ல மேல போகாத கண்ணு

கண்ணு,

ஸ்கீயிங் போகாதன்னு சொல்ல இதை எழுதல, முதல்லயே சொல்லிடறேன். நீ அந்த மலைல சறுக்கிட்டு இறங்குற வீடியோவ நானும் அப்பாவும் போட்டு போட்டு பாக்குறோம், அவ்ளோ பெருமையா இருக்கு. கேத்தி பாலாடால கேரட் காட்டுல ஓடி வளந்த புள்ள கனடால எப்படி இறங்குது பாருங்கன்னு அம்மாயி வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் போனை நீட்டுது. ஆனா போன வாரம் பேசறப்ப "இன்னைக்கு மைனஸ் 25மா, காத்து வேற 40 கிலோமீட்டர் வேகம், இருந்தாலும் ஊட்டில பொறந்தவளுக்கு குளிர் என்ன பண்ணும்"னு சொன்ன பாரு, அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. போன்ல சொன்னா சரிமா சரிமான்னு வச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

நீ பழகின குளிர் வேற கண்ணு. நம்ம ஊர்ல உறைபனி எப்ப விழும்னு யோசிச்சு பாரு, டிசம்பர் ஜனவரில வானம் துடைச்சு விட்டாப்ல தெளிஞ்சு ஒரு இலை கூட அசையாத ராத்திரிலதான் விழும். குளிர்ந்த காத்து கனம், அது மேட்டுல இருந்து மெதுவா வழிஞ்சு பள்ளத்துல போய் தேங்கிக்கும், அதனாலதான் தலைகுந்தாலயும் காந்தல்லயும் புல்லு வெள்ளையா கிடக்கறப்ப மேல சரிவுல ஒண்ணுமே இருக்காது. சாயங்காலம் காத்து வீசிச்சுன்னா அப்பா நிம்மதியா தூங்குவாரு, ஞாபகம் இருக்கா, காத்து கலைச்சு விட்டுட்டா பனி இறங்காது. காத்து நின்னாதான் அவருக்கு தூக்கம் போகும், விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு போய் ஸ்பிரிங்க்ளர் போட்டு விடுவாரு, இல்லன்னா வெயில் ஏறினதும் இலை எல்லாம் கருகிடும்.

நம்ம ஊர் காத்து எப்பன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், தென்மேற்கு மழையோட. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த வாரம் அடிச்ச காத்துல கற்பூர மரம் எல்லாம் வேரோட சாஞ்சு ரோடு அடைச்சு கரண்ட் இல்லாம கிடந்தோமே. அப்ப பனி விழற அளவுக்கு குளிரே கிடையாது, ஆனா நனைஞ்ச துணியோட அந்த காத்துல நின்னவங்க ஜனவரில நடுங்கறத விட அதிகமா நடுங்கினாங்க, வேலைக்கு வந்த அக்காங்களுக்கு பல்லு கிட்டி போச்சு, நான் கண்ணால பாத்தது. ஆக நமக்கு குளிர் ஒரு சீசன், காத்து ஒரு சீசன். ரெண்டும் ஒண்ணா சேந்து வந்து இந்த மலைல யாருக்கும் பழக்கம் இல்ல, உனக்கும் இல்ல. அங்க ரெண்டும் ஒரே நாள்ல வருது. நான் பயப்படறது குளிருக்கு இல்ல, அந்த காத்துக்கு.

ஒண்ணு கவனிச்சியா, நீ ஸ்கீயிங் போற லேக் லூயிஸ் மலைல, கம்பில தொங்கிட்டு மேல ஏத்திட்டு போற லிப்ட் போய் நிக்கிற உச்சி 2637 மீட்டராம், நம்ம தொட்டபெட்டாவும் அதே 2637. அப்பா இதை படிச்சுட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஆனா உயரம் ஒண்ணா இருந்து என்ன, நாம இருக்கறது அட்சரேகை 11 டிகிரி, அது 51. இங்க பூஜ்யத்துக்கு கீழ ஒண்ணு ரெண்டு டிகிரி போனாலே பேப்பர்ல போட்டோ வந்துடுது.

காத்து என்ன பண்ணுதுன்னு நான் தேடி தேடி படிச்சேன். நம்ம தோலை ஒட்டி உடம்பு சூட்டுல மெல்லிசா ஒரு காத்து படலம் இருக்குமாம், அதுதான் நமக்கு போர்வை. காத்து அடிக்க அடிக்க அது பறந்துட்டே இருக்கும், உடம்பு மறுபடி மறுபடி சூடு பண்ணிட்டே இருக்கணும், கொதிக்கிற டீய ஆத்தி குடுத்தா எவ்ளோ சீக்கிரம் ஆறுது அதே கதைதான். சைப்பிள், பாசல்னு ரெண்டு பேர் அண்டார்டிகால பிளாஸ்டிக் குழாய்ல தண்ணி ஊத்தி காத்துல தொங்க விட்டு எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு அளந்து பாத்து 1945ல கட்டுரை போட்டாங்களாம், அதுல இருந்து ஆரம்பிச்சதுதான் இந்த விண்ட் சில் கணக்கு, அதாவது குளிரும் காத்தும் சேந்து உடம்புக்கு எவ்ளோ குளிரா தெரியும்ங்கறது. இப்ப உங்க ஊர்ல சொல்றது 2001ல மாத்தின கணக்கு. அதுல போட்டா மைனஸ் 25ம் 40 கிலோமீட்டர் காத்தும் சேந்து மைனஸ் 41. அதுக்காக உன் காரோ தண்ணி பாட்டிலோ மைனஸ் 41க்கு போயிடாது, அது மைனஸ் 25லயே நின்னுடும், ஆனா உன் கன்னத்துல இருந்து சூடு போற வேகம் மைனஸ் 41ல போற வேகம். கனடா அரசாங்கம் போட்டிருக்கிற அட்டவணைல மைனஸ் 40ல இருந்து 47 வரைக்கும்னா மூடாத தோல் 5ல இருந்து 10 நிமிஷத்துல உறைஞ்சிடலாம்னு இருக்கு. பத்து நிமிஷம் கண்ணு, உன் லிப்ட் மேல போய் சேர்ற நேரம்.

இன்னொண்ணு, காத்தே இல்லாத நாளா இருந்தாலும் நீ 40 கிலோமீட்டர் வேகத்துல இறங்கினா உன் மூஞ்சிக்கு அது காத்துதான். இதை நீ கணக்குல எடுக்கறியான்னு தெரியல. கீழ இறங்கறப்ப உடம்பு சூடாகி வேர்க்கும், அப்புறம் அந்த தொறந்த சேர்ல ஆடாம அசையாம காத்துல உக்காந்து மேல போவ, அப்பதான் எல்லாம் உறையும். அதனால மூடின பெட்டி வர்ற கோண்டோலா ஓடுச்சுன்னா கொஞ்சம் கியூ நின்னாலும் அதுலயே போ.

துணி விஷயம். இங்கருந்து எடுத்துட்டு போன திருப்பூர் காட்டன் பனியன் வீட்டுல போட்டுக்கோ, ஸ்கீயிங்குக்கு வேணாம், வேர்வைய குடிச்சிட்டு ஈரமாவே ஒட்டிக்கிட்டு கிடக்கும். உள்ள கம்பளியோ பாலியஸ்டரோ. சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டா சூடுன்னு நினைக்காத, ஷூ இறுகி ரத்தம் ஓடாது, அப்புறம் விரல்தான் முதல்ல போகும், மெல்லிசா ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும். அந்த ஷூவ ராத்திரி கார் டிக்கில விட்டுடாத, ரூமுக்குள்ள வை. கைக்கு விரல் விரலா இருக்கற கிளவுஸ விட நாலு விரலும் ஒண்ணா இருக்கற மிட்டன்தான் சூடு. மூஞ்சிக்கு நம்ம மங்கி குல்லாதான், ஆனா மூச்சு பட்டு பட்டு வாய்கிட்ட ஈரமாகி உறைஞ்சிடும், பைல இன்னொண்ணு காஞ்சது வச்சிரு. தேங்கா எண்ணெய் தடவிட்டு போன்னு அம்மாயி சொல்லும், கேட்டுக்க ஆனா அதை நம்பி மூஞ்சிய தொறந்து விட்டுடாத, எண்ணெயும் கிரீமும் உறையறத தடுக்காது.

மூக்குத்திய கழட்டிட்டு போ. இதை நான் கெஞ்சி கேக்கறேன். உலோகம் சூட்டை டக்குனு உறிஞ்சிடும், மூக்கு ஏற்கனவே சீக்கிரம் மரத்து போற இடம், அந்த திருகு இருக்கற இடத்துல தோல் முதல்ல உறைஞ்சிடும். கம்மலும்தான். கழட்டினா ஒண்ணும் ஆகிடாது, சாமி ஒண்ணும் சொல்லாது, பெரியம்மா ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன். திரும்பி வந்ததும் போட்டுக்கோ, ஓட்டை ஒரு நாள்ல தூந்து போகாது.

கேரட் கழுவற மிஷின் வர்றதுக்கு முன்னாடி நாங்க விடிகாலைல ஓடை தண்ணில கைய விட்டு கழுவுவோம், சொல்லி இருக்கேன்ல. முதல்ல விரல் எல்லாம் தெறிச்சு போற மாதிரி வலிக்கும், கொஞ்ச நேரத்துல வலி நின்னு போயிடும். வலி நின்னா பழகிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கப்புறம் முள்ளு குத்தினாலும் தெரியாது, கத்தி வெட்டினாலும் தெரியாது, ரத்தம் பாத்துதான் தெரியும். உனக்கு கால் விரலோ கன்னமோ வலிச்சுட்டே இருந்து திடீர்னு வலி நின்னுடுச்சுன்னா அந்த நிமிஷமே உள்ள போயிடு. கூட வர்ற பொண்ணு கிட்ட சொல்லி வை, லிப்ட்ல ஏறும்போதெல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கங்க. வெள்ளைக்காரங்களுக்கு உறைஞ்ச இடம் வெள்ளையா திட்டு திட்டா தெரியும், நம்ம நிறத்துக்கு அப்படி பளிச்சுனு தெரியாது, சாம்பல் நிறமா வெளிறி தொட்டா மரத்து கெட்டியா இருக்கும், அதையும் அவகிட்ட சொல்லு. அந்த இடத்த தேய்க்க கூடாது, பனிய அள்ளி தேய்க்கவே கூடாது, உள்ளங்கைய வெறுமனே வச்சு மூடு, விரல்னா அக்குள்ல வை. ஹீட்டர்கிட்டயோ நெருப்புகிட்டயோ நீட்டாத, உணர்ச்சி இல்லாத கை வெந்து போனாலும் உனக்கு தெரியாது. கொப்புளம் வந்தா, இல்ல நிறம் திரும்பலன்னா நேரா டாக்டர்தான்.

உடம்பு உள் சூடு 35 டிகிரிக்கு கீழ இறங்கினா புத்தியும் மந்தமாகிடுமாம். வாய் குழறும், ஜிப் இழுக்க கை வராது, நான் நல்லா இருக்கேன் இன்னொரு ரவுண்டு போலாம்னு தோணும். அதனால இன்னொரு ரவுண்டு போறதா வேணாமான்னு மேல நின்னு முடிவு பண்ணாத, காலைல கிளம்பறப்பவே விண்ட் சில் நம்பர் பாத்து வீட்லயே முடிவு பண்ணிடு. டிக்கெட் காசு போச்சேன்னு நினைச்சு ஏறிடாத, போனா போகட்டும், இந்த தடவை கேரட் விலை நல்லா இருக்கு, நான் அனுப்பறேன். குளிருக்கு ரெண்டு பெக் போட்டா நல்லதுன்னு யாராவது குடுத்தா வேணாம்னு சொல்லிடு, தோல்ல ரத்தம் ஏறி சூடா தெரியும், உள்ள இருக்கற சூடுதான் வெளிய போயிட்டு இருக்கும்.

கயிறு கட்டி மூடின இடத்துக்குள்ள கண்டிப்பா போகாத. அங்கயும் காத்துதான் வில்லன், ஒரு பக்கத்து பனிய அள்ளிட்டு போய் மறு பக்க சரிவுல குவிச்சு வைக்கும், அது மொத்தமா உடைஞ்சு இறங்கிடும். நம்ம ஊர்ல மழை காலத்துல மண்ணு சரியறத பாத்து வளந்தவ நீ, இதுக்கு மேல உனக்கு சொல்ல வேணாம்.

தம்பி பிப்ரவரில வர்றான்ல, அவனையும் கூட்டிட்டு போறேன்னு சொல்லி இருக்க, அவன் இப்பவே யூடியூப்ல பாத்து குதிச்சுட்டு இருக்கான். கூட்டிட்டு போ, ஆனா அவனுக்கு வீசிங் இருக்கு, வறண்ட குளிர் காத்து மூச்சுக்குழாய சுருக்கிடும், மூக்கு வாய் மூடித்தான் இருக்கணும். இன்ஹேலர பைல வைக்க விடாத, குளிர்ந்து போனா மருந்து சரியா வராது, ஜாக்கெட்டுக்கு உள்ள நெஞ்சோட ஒட்டி ஒரு பாக்கெட் இருக்கும் பாரு அதுல வைக்க சொல்லு, உன் போனும் அங்கயே, குளிர்ல பேட்டரி உக்காந்துடும். அவனுக்கு மிட்டன் இங்க எங்கயும் கிடைக்கல, நீயே ஒண்ணு வாங்கி வச்சிடு, அப்பா கை அளவுதான் அவனுக்கும் இப்ப.

அம்மா