ஐம்பது புள்ளியை விட அந்த ஒன்பது பாஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. செய்தி வருவதே அபூர்வம். வந்தாலும் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. ஓர்லாண்டோ மேஜிக் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் (ஃபோர்வேர்ட்) பாவ்லோ பான்கேரோவை அப்படி ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2024 ஒக்டோபர் 29, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கிறது. இங்கே விடிய நாலரை மணி, அங்கே முதல் நாள் இரவு ஏழு மணி. வீட்டில் எல்லோரும் தூங்க, நான் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணீரும் கையுமாக இண்டியானா அணியுடனான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதியிலேயே 37 புள்ளி, முடிவில் 50. அப்போது அவருக்கு வயது 21தான். மேஜிக் 119-115 என்று வென்றது. அன்றைக்குக் கூடைப்பந்து தெரிந்த எல்லோருக்கும் 50 என்பதுதான் பேச்சு. ஆனால் அதே ஆட்டத்தில் அவர் கொடுத்த பாஸில் மற்றவர்கள் 9 தடவை கூடையில் போட்டிருக்கிறார்கள் (இதைத்தான் அசிஸ்ட் என்பார்கள்), கூடையில் விழாமல் திரும்பி வந்த பந்தை 13 தடவை பிடித்து 13 ரீபவுண்டும் எடுத்திருக்கிறார். எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த 9தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஆள் 6 அடி 10 அங்குலம், எடை 250 இறாத்தல். இந்த உடம்போடு பந்தை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வாங்கி, பந்தைக் கொண்டுவருவதே வேலையான கார்ட் ஆட்டக்காரர் மாதிரித் தானே தட்டிக்கொண்டு வருவார். தடுப்பவர் சின்ன ஆளென்றால் முதுகைக் கொடுத்துத் தோளால் ஒரு தள்ளு, இன்னொரு தட்டு, இன்னொரு தள்ளு, அதற்குள் வளையத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவார். பெரிய ஆளென்றால் முகத்துக்கு நேரே நின்று ஒரு பக்கம் போவதாகக் காட்டிவிட்டு மறுபக்கம் போய்விடுவார். ஒருவரால் மறிக்க முடியாது என்று தெரிந்து இரண்டாவது ஆள் ஓடி வருவானே, அந்த அரை வினாடியைத்தான் நான் பார்ப்பேன். வருபவன் வந்து சேருவதற்கு முன்பே பந்து மூலையில் தனியாக நிற்பவனின் கைக்குப் போயிருந்தால் அன்று மேஜிக் நன்றாக விளையாடுகிறது என்று அர்த்தம்.

இந்தக் கண் சும்மா வரவில்லை. அம்மா ரோண்டா பெண்களுக்கான லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் விளையாடியவர். இவரும் சியாட்டிலில் பாடசாலைக் காலத்தில் அமெரிக்கக் கால்பந்திலும் இருந்தார், அதிலும் பந்தை எறிகிற குவாட்டர்பேக் இடத்தில். ஓடுகிறவர்களில் யார் தனியாக நிற்கிறான் என்று ஒரு நொடியில் பார்த்து எறிய வேண்டிய இடம் அது.

குறையே இல்லையா? இருக்கிறது. மூன்று புள்ளி எறிவில் முதல் பருவம் 30 வீதத்துக்கும் கீழே, அடுத்தது 34 வீதம் வரை, 2024-25இல் திரும்பவும் 32. நல்ல வாய்ப்பு வரும்வரை பொறுக்காமல் தூரத்திலிருந்து கஷ்டமான இரண்டு புள்ளி எறிவை எடுத்துவிடுகிற பழக்கமும் இன்னும் போகவில்லை. 2024 மே மாதம் கிளீவ்லாந்து அணியுடனான தொடரைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. 18 புள்ளி முன்னிலையில் இருந்த மேஜிக் தோற்றது. இவர் தனியாக 38 புள்ளியும் 16 ரீபவுண்டும் எடுத்தும் தோற்றது. அப்புறம் அந்த 50 புள்ளி ஆட்டம் முடிந்து இரண்டே நாளில், நமக்குத் தீபாவளிக் காலையில், சிகாகோவில் விளையாடும்போது வயிற்றின் பக்கத் தசை கிழிந்து 34 ஆட்டங்கள் வெளியில் இருந்தார். எல்லாப் பாரத்தையும் ஒரே ஆள் சுமந்தால் எத்தனை பருவம் தாங்கும்? முதல் மூன்று பருவங்களில் 20, 22.6, 25.9 என்று புள்ளிச் சராசரி ஏறிக்கொண்டே வந்தது. அதே பருவங்களில் அசிஸ்ட் சராசரி 3.7இலிருந்து 5.4க்கு ஏறி 4.8க்கு இறங்கியது. அது ஏழு எட்டுக்கு ஏறினால்தான் இவர் சம்பியன் அணியின் தலைவன் ஆவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொழும்பில் இருந்துகொண்டு இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், என் அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது, இப்போதே ஆறடியைத் தாண்டிவிட்டான். பாடசாலை அணியில் அவனுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: வளையத்துக்குக் கீழே போய் நில், பந்து வந்தால் போடு, தட்டாதே. "மாமா, நான் தட்டினாலே விசில் ஊதிக் கூப்பிடுகிறார்கள்" என்று அவன் சொன்னபோது எனக்கு நெஞ்சு வலித்தது. உயரமானவனுக்கு உயரம் மட்டும்தான் இருக்கிறது என்று யார் முடிவு செய்தது? நம் தர்ஜினி சிவலிங்கமும் இதே 6 அடி 10 அங்குலம்தான். 2018இல் வலைப்பந்தில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் செய்ததை உயரம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியுமா? நெருக்கடிக்குள் துள்ளிப் பந்தைப் பிடித்து, காலை ஊன்றி, அவசரப்படாமல் வளையத்துக்குள் போட்ட அந்தக் கையை நாம் எல்லோரும் பார்த்தோம்தானே.

இப்போது சனிக்கிழமை காலைகளில் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போய், பந்தை இடக்கையால் தட்டி வரச் சொல்கிறேன். பத்து தடவையில் ஆறு தடவை காலில் பட்டு ஓடிவிடுகிறது, சரி, ஓடட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்தான். அடுத்த முறை பான்கேரோவின் செய்தி போடும்போது புள்ளிகளுக்குப் பக்கத்தில் அசிஸ்ட் எத்தனை என்பதையும் போடுங்கள். எங்கள் வீட்டில் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறக்கிறவன் அவன்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.